அனுசுயாவின் பத்தொன்பது அழைப்புகள்

கல்யாணத் தரகர் அய்யம்பெருமாள் புது ஸ்மார்ட்போன் வாங்கப் போன வாரத்தில், மேலச்சுனையில் ஏற்கெனவே பதினேழு பேர் பழைய போன் கம்பெனியை விட்டுப் புதுக் கம்பெனிக்கு மாறியிருந்தார்கள், அந்தப் பதினேழு பேர் வீட்டு வாசலிலும் அவர்கள் எடுக்காமல் விட்ட அழைப்புகள் ஆள் உருவத்தில் வந்து நின்று, அன்றைக்குச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

முதலில் வந்தது பேக்கரி ராஜமணி வீட்டுக்குத்தான். அவன் ஒரு திங்கட்கிழமை கம்பெனி மாறினான், புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, மும்பையில் இருக்கும் அவனுடைய அக்கா, நனைந்த குடையோடு வாசலில் வந்து நின்று, "தம்பி, அங்க மழை உண்டா? இங்க நல்ல மழை. சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லி, ஒரு போன் அடித்து ஓயும் நேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, திரும்பி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து, தண்ணீர்த் தொட்டி முக்கில் காணாமல் போனாள். அவன் உடனே மும்பைக்குப் பேசினான். அக்கா வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருசம் முன்னாடி ஒரு நாள் கூப்பிட்டேன்டா, நீ எடுக்கல" என்றாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு அது பழகிப்போனது. வருகிறவர்கள் அன்றைக்குக் கூப்பிட்ட அதே நேரத்துக்கு, அன்றைக்கு உடுத்தியிருந்த அதே துணியில் வருவார்கள் என்பதையும், நாம் சொல்லும் பதில் எதுவும் அவர்கள் காதில் விழாது என்பதையும், டீ கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்பதையும் ஜனங்கள் ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டார்கள். ஒரு வீட்டுக்கு ஆள் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பது, இல்லையென்றால் மிக்சியில் வெறும் ஜாரை ஓடவிடுவது என்று ஒரு மரியாதை உண்டானது. நடுநிலைப்பள்ளி சார் வீட்டு முன்னால் ஒரே நாளில் பதினொரு பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கடன் வேண்டுமா சார், கார்டு வேண்டுமா சார் என்று வரிசையில் நின்றபோது, அந்தத் தெருப் பெண்கள் மனசு கேட்காமல் நாலு கம்பு நட்டு ஒரு பழைய போர்வையைப் பந்தலாகக் கட்டினார்கள். மில் வாட்ச்மேன் ஜெபராஜ், செத்துப்போன மனைவியின் ஒரே ஒரு அழைப்பை எடுக்காமல் விட்டவன், அதற்காகவே போய்க் கம்பெனி மாறினான். அவள் வந்தாள், "வரும்போது ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க" என்றாள், போய்விட்டாள். அவன் அன்றைக்கே ரெண்டு பழம் வாங்கி வந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான். பஞ்சாயத்துத் தலைவர் கம்பெனி ஆபீசுக்கு எழுதிக் கேட்டதற்கு, எங்களிடம் இப்படி ஒரு திட்டமே கிடையாது என்று பதில் வந்தது. தலைவர் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார், அத்தோடு காரணம் தேடுகிற வேலையை ஊர் விட்டுவிட்டது.

அய்யம்பெருமாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷமாகக் கல்யாணம் பேசி முடிக்கிறவர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஜாதகப் பை, யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "மங்களமா இருக்கீங்களா" என்பதுதான். ஆனால் இப்போதெல்லாம் ஜாதகமும் போட்டோவும் வாட்ஸ்அப்பில் வந்து, வாட்ஸ்அப்பிலேயே போய்விடுகின்றன, பட்டன் போன் வைத்திருந்த அவருக்கு எந்த வரனும் ரெண்டு நாள் பிந்தித்தான் தெரிந்தது. அதனால்தான் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் பிரிசில்லாவின் செல்போன் கடைக்குப் போனார்.

பிரிசில்லா போனை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். "அண்ணாச்சி, இதுக்கு உங்க பழைய கம்பெனி சரிப்படாது. வீட்டுக்குள்ள டவர் இல்லைன்னு நீங்க மாடியில ஏறி நின்னுலா பேசுதீங்க. நம்பர் மாறாது, கம்பெனி மட்டும் மாறும். ஆனா ஒண்ணு, வீட்டுக்கு ஆள் வரும். தெரியும்லா?"

"தெரியும் பிள்ள. எனக்கு யாரு வரப்போறா? பொண்ணைப் பெத்தவன் வருவான், பையனைப் பெத்தவன் வருவான். ஒரு பாயை விரிச்சுப் போட்டா தீந்துச்சு."

பிரிசில்லா சிரிக்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க" என்று சொல்லி, பழைய போனை வாங்கி, போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு அவர் நம்பரை அடித்து மெசேஜ் அனுப்பினாள். பதிலுக்கு ஒரு ரகசிய எண் வந்தது. ஆதார் அட்டையைக் கையில் பிடித்தபடி அவரைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். அஞ்சு நாள் கழித்து, காலை பத்து மணிக்குப் பழைய சிம் செத்தது, பத்தேகாலுக்குப் புது சிம் உயிர் பெற்றது, அய்யம்பெருமாள் வீட்டு நடு அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே முதல்முறையாகப் பேசினார்.

அன்று சாயங்காலமே தரகர்கள் குரூப்பில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே வந்து கொட்டிய படங்களில் ஒன்றைப் பார்த்து அவர் விரல் நின்றது. தினகரன், வயது முப்பத்தாறு, சொந்தமாக ஹார்டுவேர் கடை, எந்த எதிர்பார்ப்பும் இல்லை, முதல் மணம். அவருக்கு அந்த முகம் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த முகத்துக்குத்தான் இதே ஊர் தாமோதரனின் மகள் அனுசுயாவைப் பேசி முடித்துக் கொடுத்திருந்தார். அது அவனுக்கு இரண்டாம் கல்யாணம் என்பதும், முதல் மனைவி அஞ்சு மாதத்தில் கை முறிந்து தாய்வீடு போனாள் என்பதும் அவருக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அன்றைக்குத் தாமோதரனிடம், "பையன் தங்கம், கண்ணை மூடிட்டுக் குடுங்க" என்றுதான் சொன்னார். அனுசுயா ரெண்டு வருஷம் அங்கே இருந்துவிட்டு, வலது காது கேட்காமல் திரும்பி வந்தாள். இப்போது கழுகுமலைத் தரகர் ஒருவர், மேலே போன படங்களைப் பார்க்காமலே, அதே குரூப்பில், ஒரு பெண்ணுக்குச் சொந்தக் கடை வைத்திருக்கிற வரனாகத் தேடுகிறேன், யாராவது அனுப்புங்க என்று கேட்டிருந்தார். அய்யம்பெருமாள் அந்தப் படத்தை நல்லதும் சொல்லாமல், கெட்டதும் சொல்லாமல் அவருக்கு அனுப்பிவைத்தார். வேறொருவர் பேசி முடிக்கப் போகிறார், நாம் சும்மா தள்ளிவிட்டதுதானே என்று நினைத்துக்கொண்டார். எப்படி அனுப்புவது என்பதை அன்றைக்குத்தான் கற்றிருந்தார்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர் சொன்னது போலவே பெண்ணைப் பெற்றவர்கள் வந்தார்கள், என்ன அண்ணாச்சி ஒரு பதிலும் காணோமே என்றார்கள், பையனைப் பெற்றவர்கள் வந்தார்கள், பொண்ணு கொஞ்சம் கறுப்போ என்றார்கள், முப்பத்தெட்டு வயது மகளை வைத்திருக்கும் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் ஒரே காலையில் ஆறு தடவை வந்து, ஆறு தடவையும் "நான் அவசரப்படுத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார். அய்யம்பெருமாள் பாய் விரித்து வைத்தார். யாரும் உட்காரவில்லை. அவர் மனைவி சொர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இத்தனை பேரையா எடுக்காம விட்டீங்க" என்றாள். "தொழில்னா அப்படித்தான்" என்றார் அவர்.

புதன்கிழமை பகல் பதினொன்று பத்துக்கு அனுசுயா வந்தாள்.

மெரூன் நிறப் பட்டில், தலை நிறையப் பூவோடு, தாலிக்கயிற்றில் மஞ்சள் ஈரம் காயாமல், நாலு வருஷத்துக்கு முந்தைய அனுசுயா படியோரத்தில் நின்று, ரெண்டு காதிலும் ஜிமிக்கி ஆட, "பெரியப்பா, நல்லபடியா வந்து சேந்துட்டோம். அப்பா போனை எடுக்கல, அதான் உங்களுக்குப் பண்ணேன். எல்லாரும் நல்ல மாதிரியா இருக்காங்க. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு தோணுச்சு" என்றாள்.

அய்யம்பெருமாள் அந்த அழைப்பை நினைவுபடுத்திப் பார்த்தார். கல்யாணம் முடிந்த பெண்களின் நம்பரை அவர் பெயரோடு 'முடிஞ்சது' என்று சேர்த்துப் பதிந்துவைப்பார், அனுசுயா முடிஞ்சது என்று திரையில் வந்தால் எடுப்பதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெண்வீட்டிலிருந்து வரும் போன் குறை சொல்லத்தான் வரும் என்பது அவர் கணக்கு. இவள் நன்றி சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் போன் அடித்து ஓயும் நேரம் நின்றுவிட்டு, பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். 

வியாழக்கிழமையும் அதே நேரத்துக்கு வந்தாள், கடையில் ஒரு ஆணி கிலோ என்ன விலை என்றுகூடத் தெரிந்துகொண்டதாகச் சொல்லிச் சிரித்தாள். வெள்ளிக்கிழமை வந்தபோது சிரிப்பு குறைந்திருந்தது. "பெரியப்பா, பீரோவுல ஒரு பொம்பளை சேலைக நாலஞ்சு இருக்கு. அத்தை, இவுங்க தங்கச்சி சேலைங்காங்க. சும்மா கேக்கேன், இவுங்களுக்குத் தங்கச்சி உண்டா?" சனிக்கிழமை ஒன்றும் சொல்லாமல் நின்று போனாள். ஞாயிற்றுக்கிழமை சாதாரண பூப்போட்ட சேலையில், ஒரு கன்னம் லேசாக வீங்க, குரலைத் தாழ்த்தி, "இவுங்களுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருக்கா பெரியப்பா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சண்டை போடமாட்டேன். அத்தை கடைக்குப் போற நேரம்தான் போன் என் கைக்கு வரும், பதினொன்னேகாலுக்கு வந்துருவாங்க" என்றாள்.

"ஆமா தாயி" என்றார் அய்யம்பெருமாள். "ஆமா, ஆயிருக்கு." இன்னும் சத்தமாகச் சொன்னார். படியிறங்கிப் போய் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவள் அவரைத் தாண்டி, உள்ளே யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோல் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அவர் உள்ளே வந்தபோது சொர்ணம் கரண்டியோடு நிலைப்படியில் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"அவன் ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டிக் கெடுத்தவன்னு. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "அரசல்புரசலா" என்றார்.

சொர்ணம் வழக்கம்போல் சோறு வைத்தாள், ரசம் ஊற்றினாள், ஆனால் பக்கத்தில் உட்காராமல் பின்வாசலுக்குப் போய்விட்டாள். மறுநாள் பதினொன்று பத்துக்கு அனுசுயா வந்தபோது, குடையை எடுத்துக்கொண்டு போய், வெயிலில் நிற்கும் அந்தப் பெண்ணின் தலைக்குமேல் பிடித்தபடி கூடவே நின்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படியே நின்றாள். பெண் பேசுவாள், சொர்ணம் கேட்பாள், பெண் போவாள், சொர்ணம் தண்ணீர்த் தொட்டி முக்கு வரைக்கும் குடை பிடித்துக்கொண்டே போய்விட்டுத் தனியாகத் திரும்பி வருவாள்.

தெருவில் முதல் ஆறு நாள் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்கள். ஏழாவது நாளிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதினொன்று ஆனதும் ஒவ்வொரு வீடாக டி.வி. அணைந்தது, மிக்சி ஓய்ந்தது, எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் பெட்டியைச் செங்கல்மேல் நிமிர்த்தி வைத்தார், தெருவே வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. அவள் கேட்பதெல்லாம் எல்லார் காதிலும் விழுந்தது. கரண்டியால் சூடு வைத்ததைச் சொன்னாள். அப்பாவிடம் சொன்னேன், அனுசரிச்சுப் போம்மா என்கிறார் என்றாள். "நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க பெரியப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். அய்யம்பெருமாளிடம் ஜாதகம் கொடுத்திருந்தவர்கள், மகளுக்கு இப்ப என்ன அவசரம் அண்ணாச்சி என்று தன்மையாகச் சொல்லி, ஒவ்வொருவராக வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. பேக்கரியில் போய் நின்றால் கேட்காமலே டீ வந்தது, குடித்து முடிக்கும்வரை அங்கிருந்த எல்லாரும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்தார்.

அவர் பழைய சிம்மை எடுத்துக்கொண்டு பிரிசில்லாவிடம் போய், மறுபடியும் பழைய கம்பெனிக்கே மாற்றிவிடச் சொன்னார்.

"மூணு மாசம் ஆகாம மாத்த முடியாது அண்ணாச்சி" என்றாள் அவள். பிறகு கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மாத்தினாலும் வர்றது நிக்காது. ரெண்டு பேர் கேட்டுப் பாத்தாச்சு" என்றாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டிருக்கான்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

பழைய பட்டன் போனில் அது இருந்தது. பிரிசில்லா கீழே கீழே தள்ளிப் பார்த்து, உதடு அசைய எண்ணி, "பத்தொம்பது" என்றாள்.

பன்னிரண்டாவது நாள், சொர்ணம் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, நடு அறையில் வந்து நின்று சொன்னாள். "இது போன அனுசுயா. இவகிட்ட நீங்க என்ன கத்தினாலும் கேக்காது. இருக்கிற அனுசுயா மூணு தெரு தள்ளி மெடிக்கல்ல நிக்கா. ரெண்டு வருசமா அந்தத் தெரு வழியா நீங்க போறதில்ல. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவருக்கும் தெரியும். சர்க்கரை மாத்திரைக்குக்கூட அவர் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த மெடிக்கல் வாசலில் போய் நின்றார். அனுசுயா உள்ளே பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள், காதில் ஒன்றும் போடவில்லை. கடையில் ஆள் இல்லை, ஃபிரிட்ஜ் மட்டும் பெரிதாக இரைந்துகொண்டிருந்தது. அவர் கவுண்டரின் ஓரத்தில், அவளுக்கு வலது பக்கமாக நின்று, தாழ்ந்த குரலில், இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைப் பேசினார். தனக்கு எப்படித் தெரியவந்தது, யார் சொன்னார்கள், தாமோதரன் மகளுக்கு முப்பது தாண்டிவிடக் கூடாது என்று தவித்தது, தானும் அவசரப்பட்டது, ஆண் பிள்ளை திருந்திவிடுவான் என்று நினைத்தது, தொழிலில் இதெல்லாம் வழக்கமாகிப் போனது, கடவுள்மேல் பாரத்தைப் போட்டது என்று நீளமாக, ஒருவழியாகப் பேசி முடித்தார். அவள் பெட்டியை அடுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பியவள் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"எப்ப வந்தீங்க? ஏதாவது சொன்னீங்களா? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க, அந்தக் காது எனக்குக் கேக்காது."

ஊர் முழுக்கத் தெரியும், மெடிக்கலில் அனுசுயாவிடம் மாத்திரை கேட்பவர்கள் இடது பக்கம்தான் நிற்பார்கள். இந்தப் பக்கமே வராத அவருக்கு மட்டும் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. அவர் கவுண்டரைச் சுற்றி இடது பக்கம் வந்தார். முன்பு பேசியதில் ஒரு வார்த்தைகூட இப்போது கைக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "அவனுக்கு முதல்லயே கல்யாணம் ஆனதும் தெரியும், அவன் அடிப்பான்னும் தெரியும். தெரிஞ்சுதான் உன்னைக் குடுக்கச் சொன்னேன். நீ கூப்பிட்டப்ப எல்லாம் பாத்தேன். பாத்துட்டே எடுக்கல."

அனுசுயா கவுண்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் பெரியப்பா. பீரோவுல அந்தச் சேலைகளைப் பாத்த அன்னைக்கே இவுங்களுக்கு முன்னாடி கல்யாணம் ஆனது தெரிஞ்சுபோச்சு, பேசி முடிச்ச உங்களுக்குத் தெரியாம இருக்குமா? அப்புறம் எதுக்கு அத்தனை தடவை கூப்பிட்டேன்? நான் சொல்லி அப்பா நம்பல. உங்க வாயால ஒரு ஆமா வந்தா நம்பியிருப்பாங்க. அன்னைக்கே வண்டி பிடிச்சு வந்து கூட்டிட்டுப் போயிருப்பாங்க." அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்குப் போன் பண்ணிட்டிருந்தப்பதான் பின்னால வந்து அறைஞ்சாங்க. போன் காதோட இருந்துச்சு."

அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டாள், அவர் உட்காரவில்லை.

"என்னை மன்னிச்சிரும்மா."

"அது என்னால ஆகாது" என்றாள் அனுசுயா, மாத்திரை இல்லை என்று சொல்வதுபோல. "எங்கிட்ட வந்து சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. அந்த மனுஷனுக்கு இப்பக் கீழப்பாறைக்குளத்துல ஒரு பொண்ணைப் பாத்து முடிச்சிருக்காங்க, வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயம். கழுகுமலைத் தரகர் பேசினதுன்னு சொன்னாங்க. அவருக்கு யாரு குடுத்தாங்கன்னு தெரியல."

அய்யம்பெருமாள் சட்டைப்பையைத் தொட்டார். "நான்தான்" என்றார்.

அனுசுயா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அந்த முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் போனது. அதன் பெயர் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் அது இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது என்பது போனபோது தெரிந்தது. ஒரு கிழவர் இருமல் மருந்து கேட்டு வந்தார். அவள் எடுக்கப் போய்விட்டாள்.

அவர் கழுகுமலைத் தரகரிடம் கேட்டு அந்தப் பெண்ணின் தகப்பன் நம்பரை வாங்கினார். வேலுமயில், டிராக்டர் மெக்கானிக். மெடிக்கல் வாசலிலேயே நின்று கூப்பிட்டார், அடித்து ஓய்ந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டார், தண்ணீர்த் தொட்டி முக்கில் நின்று கூப்பிட்டார், வீட்டு நடு அறையில் டவர் நிறைய இருக்க நின்று கூப்பிட்டார். யாரோ ஒரு தெரியாத நம்பர் என்று அந்த ஆள் எடுக்கவேயில்லை. ஏழாவது தடவை பாதியில் வெட்டிவிட்டார். பதினொன்று பத்துக்கு வாசலில் பதின்மூன்றாவது அனுசுயா வந்து நின்றபோது, அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, சொர்ணத்திடம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, குடைக்கு அந்தப் பக்கமாக இறங்கி நடந்தார். சொர்ணம், "சாப்பிட்டுட்டாவது போங்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அவரிடம் தானாகச் சொன்ன கரிசனமான வார்த்தை அது ஒன்றுதான்.

கீழப்பாறைக்குளம் ரெண்டு பஸ் மாறிப் போகிற ஊர். அங்கே யாரும் கம்பெனி மாறவில்லை, யார் வீட்டு வாசலிலும் யாரும் வந்து நிற்கவில்லை. வேலுமயில் வீட்டு முன்னால் ஒரு டிராக்டர் எஞ்சின் பிரித்துப் போடப்பட்டிருந்தது, அவர் கையெல்லாம் கிரீஸோடு எழுந்து வந்து, வாங்க என்றார், யாரு என்றார். அய்யம்பெருமாள் தன் பெயரையும் ஊரையும் சொன்னார், தான் தரகர் என்றார், அதன்பின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

வேலுமயில் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "நீரு தரகரு. இந்தச் சம்பந்தம் உம்ம கைவிட்டுப் போயிருச்சு. அந்த வயித்தெரிச்சல்ல வந்து பேசுதீரு."

"இல்ல தம்பி. அந்தப் படத்தை அனுப்பிவிட்டதே நான்தான்."

"அனுப்பினப்ப நல்லவன், இப்பக் கெட்டவனா? அனுப்பினப்ப ஏன் வே சொல்லல?"

"அதுதான் தம்பி நான் செஞ்ச தப்பு" என்றார் அய்யம்பெருமாள்.

"முந்தி ஒரு கல்யாணம்னு காதுல விழுந்தப்பவே அவுங்ககிட்ட கேட்டாச்சு. அந்தப் பொண்ணுக்குத்தான் புத்தி சரியில்லைன்னு சொன்னாங்க. மண்டபம் சொல்லியாச்சு, சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லியாச்சு, என் பொண்ணுக்கு இருபத்தொம்பது. எந்திரிச்சுப் போயிரும்" என்றார் வேலுமயில், அவர் உட்காரவே இல்லை என்பதை மறந்து. கையில் இருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டார், அது உருண்டு அய்யம்பெருமாளின் செருப்பில் இடித்தது. உள்ளே ஒரு கதவு மெல்லத் திறந்து மூடியது.

அவர் தெருவுக்கு வந்தார். பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. மதிய பஸ் போய்விட்டது, அடுத்தது மூணரைக்கு என்று சொன்னார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்பதும் கேட்காததும் அவர்கள் பாடு என்று நினைத்துப் பார்த்தார். படத்தை அனுப்பிய அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தோம் என்பது உடனே ஞாபகம் வந்தது.

அந்த வீட்டின் பின்சந்து வழியாக ஒரு பெண் வேகமாக வந்தாள். நம்பரோடு வந்த போட்டோவில் பார்த்ததைவிட உயரம். ரேணுகா என்று பேர், சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறாள் என்று கழுகுமலைத் தரகர் சொல்லியிருந்தார். நாலடி தள்ளி நின்று, மூச்சு வாங்க, "நீங்க சொன்னதுல பாதிதான் கேட்டுச்சு. அப்பா குரல்தான் பெருசா இருந்துச்சு" என்றாள்.

"முழுசும் சொல்லுதேம்மா."

"இங்க வேண்டாம், யாராவது பாப்பாங்க. உங்க நம்பரைச் சொல்லுங்க. நான் மிஸ்டு கால் குடுக்கேன், பதிஞ்சு வச்சுக்கிடுங்க. வீட்டுல யாரும் இல்லாதப்ப பேசுதேன்."

அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவள் அடித்தாள். அவர் கையில் இருந்த போன் அடித்தது. அவள் வெட்டுவதற்காகக் கட்டைவிரலைக் கொண்டுபோனாள், அதற்குள் அய்யம்பெருமாள் எடுத்துக் காதில் வைத்துவிட்டார்.

"சொல்லும்மா" என்றார்.

ரேணுகா குழம்பிப்போய் அவரைப் பார்த்தாள். நாலடி தூரத்தில் நிற்கும் மனுஷன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் பேசுவதற்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அவளும் மெல்லப் போனைக் காதில் வைத்தாள். நேரில் சொல்ல வராதது அதில் வந்தது.

"பெரியப்பா, எனக்கு இந்தக் கல்யாணத்துக்குப் பயமா இருக்கு. பாத்த அன்னைக்கே பயமா இருந்துச்சு. நான் சொன்னா அப்பா கேக்க மாட்டாங்க. நீங்க போயிட்டீங்கன்னா அவ்வளவுதான். இன்னொரு தடவை வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொல்லுதீங்களா? நான் பக்கத்துலயே நிக்கேன்."

"அடிச்சாலும் வர்றேன்" என்றார் அவர் போனில். "நீ முன்னால நட."

அவள் நடந்தாள். அவர் போனை வைக்காமல், அவளுடைய மூச்சு அதில் கேட்டுக்கொண்டே இருக்க, பிரித்துப் போட்ட எஞ்சின் கிடந்த அந்த வீட்டை நோக்கி வெயிலில் பின்னாலேயே நடந்தார்.